பதின்மூன்றில் மூன்று

சீட்டாட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மிடையே பலர் உளர். அதில் நியாயமும் உண்டு. தருமன் நாட்டை இழந்தது சூதினால். நளன் காடு புகுந்ததும் சூதினால். வள்ளுவர் பெருமான் சூதின் தீமைக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். ஆயினும், கணிதம் கற்பிப்பவன் என்ற முறையில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிகழ்தகவு என்னும் பாடத்தை மாணவர்க்கு விளக்குவதற்கு 52 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டைவிடச் சிறந்த கருவியை நான் கண்டதில்லை. இருபது ஆண்டுகளாக அதனை மேசைமீது வைத்தே அப்பாடத்தைத் தொடங்கி வருகிறேன். அந்தப் பாடத்தை நான் முதன்முதலிற் கற்றுக்கொண்ட விதத்தை மட்டும் எந்த மாணவருக்கும் சொன்னதில்லை. சென்ற ஆண்டு வஹகோட்டையில் என் மகளிடம் சொன்னேன். இன்று வாசகர்களிடமும் சொல்லத் துணிகிறேன்.

வஹகோட்டை, மாத்தளை மாவட்டத்தில் கலேவெலைப் பக்கமாக அமைந்த ஓர் அமைதியான சிற்றூர். அவ்வூர்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் சில, தாம் போர்த்துக்கேயர் வழிவந்தோர் என்று சொல்லிக்கொள்கின்றன. கரையோரம் ஒல்லாந்தர் கைக்கு மாறிய காலத்தில், கண்டி மன்னனின் நிழலில் வாழ்ந்த மக்களின் சந்ததியார் அவர்கள். இன்று அவர்கள் பேசுவது சிங்களம். ஊரின் நடுநாயகமாக விளங்குவது புனித அந்தோனியார் தேவாலயம். லிஸ்பன் நகரிற் பிறந்து 1231ஆம் ஆண்டில் மறைந்த அந்தோனியார், தொலைந்த பொருளை மீட்டுத் தருபவர் என்பது உலகெங்குமுள்ள கத்தோலிக்கரின் நம்பிக்கை. ஜூன் 13 அவருக்குரிய நாள். அதனையொட்டி அங்கு வரும் கூட்டத்தில் இந்துக்களும் பௌத்தர்களும் கலந்திருப்பார்கள். தொலைத்தவர்களுக்குள் மத வேறுபாடு ஏது?

என்னுடன் ஆசிரியப் பணியாற்றும் நண்பர் ஒருவருக்கு அவ்வூரே சொந்த ஊர். அவருடைய அழைப்பின் பேரில், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என் மகளையும் அழைத்துக்கொண்டு சென்றிருந்தேன். பகலுணவு முடிந்ததும் விறாந்தையிற் பாய் விரிக்கப்பட்டது. நண்பரின் தாயார், எழுபதைக் கடந்தவர், இடுப்பிலிருந்து ஒரு சீட்டுக் கட்டை எடுத்தார். சிங்களத்திற் பாட்டியை ‘ஆச்சி’ என்பார்கள். நமக்கும் அச்சொல் அந்நியமன்று. ஆகவே என் மகளும் ஆச்சியென்றே அவரை அழைத்தாள்.

அவர்கள் ஆடியது ‘ஓமி’ என்னும் ஆட்டம். சித்திரைப் புத்தாண்டுக் காலத்திற் சிங்கள வீடுகளில் இதன் ஆரவாரம் ஓயாது. யாழ்ப்பாணத்து வீடுகளில் ஆடும் ‘முந்நூற்று நான்கு’ என்னும் ஆட்டத்திற்கு இது உறவுமுறை. அவ்வாட்டத்தின் பெயரே ஒரு கணக்கு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. கூட்டினால் ஓர் இனத்துக்கு 76; நான்கு இனங்களுக்கும் 304.

ஓமியில் ஆறும் அதற்குக் கீழுள்ளவையும் ஒதுக்கப்பட்டு, 32 சீட்டுகளே எஞ்சும். நால்வர் ஆடுவர்; எதிரெதிரே இருப்போர் ஒரு கட்சி. முதலில் ஆளுக்கு நான்கு சீட்டுகள் போடப்படும். அவற்றை மட்டும் பார்த்து ஒருவர் துருப்பு இன்னதென்று சொல்ல வேண்டும். அதன் பின்னரே மற்றை நான்கும் வரும். அறிந்தது சிறிது, அறியாதது பெரிது என்ற நிலையில் முடிவெடுக்கும் ஆட்டம் இது.

சிங்களத்தில் அந்நான்கு இனங்களுக்கும் வழங்கும் பெயர்களாகிய ஹாரத, ருவித, கலாபர, இஸ்கோப்ப என்பன ஒல்லாந்த மொழியிலிருந்து வந்தவை. போர்த்துக்கேயர் வழிவந்தோர் என்று பெருமை பேசும் வீட்டில், அவர்களை விரட்டிய ஒல்லாந்தரின் சொற்கள் பாயின்மேல் விழுந்துகொண்டிருந்தன. இன்னுமொரு வியப்பு. பாஸ்கல், பெர்மா என்னும் பிரான்சிய அறிஞர் இருவர், சூதாட்டத்தைப் பற்றி எழுந்த ஒரு வினாவுக்கு விடை காணக் கடிதங்கள் எழுதி இக்கணிதத்துக்கு அத்திவாரமிட்டது 1654இல். ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தது 1656இல். யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1658இல். இவ்விரண்டுக்கும் இடையே, 1657இல், நிகழ்தகவைப் பற்றிய முதல் அச்சு நூலை வெளியிட்டவர் ஹைகன்ஸ் என்னும் ஒல்லாந்தரே!

நிற்க. ஆட்டத்துக்கு வருவோம்.

என் மகள் நண்பரின் கட்சி. ஆச்சியும் அவருடைய பேரனும் எதிர்க்கட்சி. மூன்று ஆட்டங்கள் தோற்றுவிட்டாள். நான்காவது ஆட்டத்தில் துருப்புச் சொல்லும் முறை அவளுடையது. கையில் கலாபர ராசாவும் அவ்வினத்தைச் சேர்ந்த ஒன்பதும் இருந்தன, ஆசு இல்லை. பின்னால் அமர்ந்திருந்த என் காதில் மெல்லச் சொன்னாள்:

“மூணு ஆட்டமா எனக்கு ஆசே வரலப்பா. இந்தத் தடவை வந்தே ஆகணும்.”

சொல்லிவிட்டுக் கலாபரையே துருப்பாக்கினாள். அடுத்த நான்கு சீட்டுகளில் ஆசு வரவில்லை. அது ஆச்சியிடம் இருந்தது. ஆச்சி அதனை அவசரமின்றி வைத்திருந்து, மகளின் ராசா விழுந்த வேளையிற் பொக்கை வாய்ச் சிரிப்போடு எடுத்துப் போட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. ‘இந்தத் தடவை வந்தே ஆகணும்’ என்ற சொற்கள் என் நெஞ்சிற் சுருக்கென்று தைத்தன. பதினேழு வயதில் நான் எனக்கே சொல்லிக்கொண்ட சொற்கள் அவை.

மாலையில் தேவாலயத்துக்கு நடந்து செல்லும்போது, முதலில் அவளுக்கு ஆட்டக் கணக்கைச் சொன்னேன்.

“உன் கையில் 4 சீட்டுகள். நீ காணாதவை 28. அந்த 28இல் ஒன்று கலாபர ஆசு. இனி உனக்கு வர இருப்பவை 4. ஆகவே அது உன்னிடம் வருவதற்கான தகவு 28இல் 4, அதாவது ஏழில் ஒன்று. உன் கட்சிக்காரர் கைக்கு மொத்தம் 8 சீட்டுகள். அவருக்கு ஏழில் இரண்டு. எதிரிகள் இருவருக்கும் 16. அவர்களுக்கு ஏழில் நான்கு. நீ துருப்புச் சொன்ன நேரத்தில், அந்த ஆசு எதிரியிடம் இருப்பதற்கே இடம் அதிகம். போன மூன்று ஆட்டங்களில் உனக்கு என்ன வந்தது என்பது இந்தக் கணக்கில் எங்கேயாவது வருகிறதா?”

சிறிது யோசித்து, “வரல. ஒவ்வொரு தடவையும் கட்டைக் கலைச்சுட்டாங்களே” என்றாள்.

அதுதான் விஷயம். கலைத்த கட்டுக்கு ஞாபகம் கிடையாது. ஆட்டத்தின் நடுவிலோ நிலைமை வேறு. விழுந்த சீட்டு மறுபடி வாராது. ஆதலால் ஐந்து சுற்றில் 20 சீட்டுகள் விழுந்தபின், எஞ்சிய 12 எவை என்று அறிந்தவர் கண் திறந்து ஆடுகிறார். ஆச்சி பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர் அல்லர். ஆயினும் விழுந்த சீட்டு ஒவ்வொன்றையும் மனத்திற் குறித்து வைத்திருந்தார். மகளோ எண்ண வேண்டியவற்றை எண்ணாமல், எண்ணக்கூடாத பழைய தோல்விகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இதன்பின் என் கதையைச் சொன்னேன்.

1998ஆம் ஆண்டு. உயர்தர வகுப்பில் நான் சேர்ந்திருந்த காலம். தந்தையார் முன்னரே காலமாகிவிட்டார். அம்மா ஒரு தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு குடும்பத்தை நடத்தினார். பிரத்தியேக வகுப்புக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும் 650 ரூபா வேண்டியிருந்தது. அம்மா காதுத் தோட்டை அடகு வைத்துப் பணத்தைக் கொணர்ந்து என் கையிற் கொடுத்தார். காதில் வேப்பங்குச்சி செருகியிருந்ததை நான் கண்டும் காணாதவன்போல் இருந்தேன்.

வகுப்புக்குச் செல்லும் வழியில் ஒரு பஸ் தரிப்பிடத்தின் அருகே மரத்தடியில் ஒருவர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். முழுக் கட்டு, 52 சீட்டுகள். நாம் ஒன்றை உருவ வேண்டும். ராசா, ராணி, ஜாக்கி ஆகிய படச்சீட்டு வந்தால், பத்து ரூபா வைத்தவருக்கு முப்பது ரூபா. வேறெது வந்தாலும் பத்தும் அவருக்கு. உருவிய சீட்டை உடனே திரும்பச் செருகிக் கலைத்துவிடுவார். நான் நின்று பார்த்தேன். ஐவர் உருவினார்கள், ஐவருக்கும் படம் வரவில்லை. கணிதத்தில் வகுப்பில் முதலாவது மாணவன் என்ற செருக்கு எனக்கு. ‘ஐந்து தரம் வரவில்லை, இந்தத் தடவை வந்தே ஆக வேண்டும்’ என்று பத்து ரூபா வைத்தேன். வரவில்லை. ‘தோற்றால் இரட்டிப்பாக வைப்போம், ஒருமுறை வென்றால் எல்லாம் மீளும்’ என்றொரு திட்டம் மனத்தில் உதித்தது. 20 வைத்தேன், 40 வைத்தேன், 80, 160, 320. ஆறு சீட்டுகள். கூட்டிப் பாருங்கள்: 630 ரூபா. கால் மணி நேரங்கூட ஆகவில்லை. மிச்சம் 20 ரூபா. அதில் பஸ்ஸேறி வீடு வந்தேன்.

பின்னர் நிகழ்தகவைப் படித்தபோது அந்த மரத்தடியைத்தான் நான் முதலிற் கணக்கிட்டேன். படச்சீட்டுகள் 12. 52இல் 12 என்பது பதின்மூன்றில் மூன்று. பதின்மூன்று பேர் பத்துப் பத்து ரூபா வைத்தால் 130 ரூபா சேரும். சராசரியாக மூவர் வென்று 90 ரூபா பெறுவர். 40 ரூபா பாய்க்காரருக்கு மிஞ்சும். நியாயமான ஆட்டமாயின் வென்றவர் கையில் முப்பது அன்று, நாற்பத்துமூன்று ரூபாவுக்கு மேல் வரவேண்டும். அந்த மனிதர் மோசடி எதுவுஞ் செய்யவேண்டிய அவசியமே இல்லை. கூட்டலும் கழித்தலும் அவருக்காக உழைத்துக்கொண்டிருந்தன.

ஐந்து தரம் தொடர்ந்து படம் வாராதது அதிசயமா? அதன் தகவு நூற்றில் 27 அளவு. நாலில் ஒன்றுக்கும் மேல்! என் ஆறு தோல்விகளின் தகவு நூற்றில் 21 அளவு. ஐந்து பையன்கள் என்னைப்போலவே திட்டமிட்டு அந்தப் பாயின்முன் குந்தியிருந்தால், அவர்களில் சராசரியாக ஒருவன் என்னைப்போலவே வெறுங்கையோடு வீடு திரும்புவான். நான் ‘நடக்கவே நடக்காது’ என்று எண்ணியது இவ்வளவு சாதாரணமான நிகழ்ச்சி. உருவிய சீட்டுகளைத் திரும்பச் செருகாமல் வெளியே வைத்திருந்தாலாவது, ஐந்து வெறுஞ்சீட்டுகள் போனபின் 47இல் 12 என்று தகவு சற்றே உயர்ந்திருக்கும். அவர் கட்டைக் கலைத்த ஒவ்வொரு முறையும் எல்லாம் ஆதியிலிருந்து தொடங்கியது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் உண்மையைச் சொன்னேனா? இல்லை. பணம் பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்றேன். அம்மா ஒரு வார்த்தை ஏசவில்லை. அயல்வீட்டுக் கத்தோலிக்க அம்மையார், “வஹகோட்டை அந்தோனியாரிடம் போங்கள், தொலைந்தது கிடைக்கும்” என்றார். எங்கள் முத்துமாரியம்மனையன்றி வேறு சந்நிதி அறியாத அம்மா, அந்த ஜூன் மாதத்தில் என்னையும் அழைத்துக்கொண்டு இங்கே வந்தார். கூட்டத்தில் இடிபட்டு, ஒரு மெழுகுதிரியை ஏற்றி, கைகூப்பிக் கண்மூடி நின்றார். அவர் பக்கத்தில் நான் நின்றேன். தொலையாத பணத்துக்காக ஏற்றிய திரி அது. அன்று நின்ற நிலையை இன்று நினைத்தாலும் உடல் குன்றுகிறது.

ஊர் திரும்பிய மறுநாளே, மாத்தளைக் கடைத்தெருவில் ஒரு சரக்குக் கடையில் மாலைவேளைகளில் மிளகும் கிராம்பும் பொதிகட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். நண்பன் வீட்டிற் படிக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். மிளகு தூசி கண்ணைக் கரிக்கும், நாசி எரியும். ஆறு வாரத்தில் 650 ரூபா சேர்ந்தது. பழைய கொப்பி ஒன்றின் நடுவே வைத்து, “அம்மா, பணம் கிடைத்துவிட்டது” என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா பணத்தைப் பார்த்தார்; என்னைச் சிறிது நேரம் பார்த்தார். “இப்படிக் கிடைக்கிறது ஆயிரத்துல ஒண்ணு, தம்பி. அந்தோனியார் பெரியவர். வருசா வருசம் நீயே போய் அவருக்கு ஒரு திரி ஏத்திட்டு வா” என்றார். அன்று முதல் ஆண்டுதோறும் திரிக்குரிய காசை எடுத்து என் கையிற் கொடுத்துவிடுவார். தாமும் வருவதாக ஒருமுறையேனும் சொன்னதில்லை. அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. நான் திரி ஏற்றுவதை நிறுத்தவில்லை.

“வகுப்பில் மாணவர்களிடம் ஒன்று சொல்வேன்” என்றேன் மகளிடம். “நிகழ்தகவு சீட்டில் ஒட்டிக்கொண்டிருப்பது அன்று. அது நாம் எவ்வளவு அறிந்திருக்கிறோம் என்பதன் அளவு. கலாபர ஆசு உன் கணக்கில் ஏழில் ஒன்று. ஆச்சியின் கையில் அது வந்து சேர்ந்த பிறகு, அவருக்கு அது நிச்சயம். அதுபோலத்தான் அந்தப் பணமும். அப்பாயிக்கு அது ஆயிரத்தில் ஒன்று. எனக்கு அது நிச்சயம். இத்தனை வருஷமாக அவர் அறியாத ஒன்றை நான் அறிந்திருந்தேன். அதுதான் என்னை உறுத்துகிறது.”

இன்று பாய்க்காரரைத் தேடி மரத்தடிக்குப் போகவேண்டியதில்லை. கைத்தொலைபேசிக்குள்ளேயே பாய் விரித்திருக்கிறார்கள், நள்ளிரவிலும் சுருட்டுவதில்லை. என் மகள் அதில் அகப்பட்டவள் அல்லள். ஆனால் அவள் வாயில் அந்தச் சொற்கள் வந்துவிட்டன. அவமானத்தை மறைத்துக்கொண்டு கணக்கை மட்டும் கற்பித்தால், கணக்கு பரீட்சைத் தாளோடு நின்றுவிடும் என்று அஞ்சினேன். அதனாலேயே சொன்னேன்.

அவள் நெடுநேரம் பேசவில்லை. தேவாலய வாசலில் மெழுகுதிரி வாங்கும்போது, திடீரென்று கேட்டாள்:

“அந்த ஆறு வாரமும் உங்க சட்டையைத் துவைச்சது யாருப்பா?”

“அப்பாயிதான். வேறு யார்?”

“ஆறு வாரமும் மிளகு வாசனை அடிச்சிருக்குமே?”

நான் கையிற் காசோடு அப்படியே நின்றேன்.

“அப்போ அப்பாயிக்குத் தெரியாதுங்கிற தகவு எவ்வளவுப்பா?” என்றாள் அவள்.

எல்லாருக்கும் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நான், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்த வாசனையைக் கணக்கிற் சேர்க்கவே இல்லை. என்னைச் சிறிது நேரம் பார்த்த அந்தப் பார்வையைச் சேர்க்கவில்லை. ‘நீயே போய்’ என்ற சொல்லைச் சேர்க்கவில்லை. தாம் ஒருமுறையும் உடன்வாராமல் என்னை மட்டும் அனுப்பியதைச் சேர்க்கவில்லை. கையிலிருந்த சீட்டுகளையே பாராமல் ஆடியவன் ஆனேன்.

மகளுக்கு விடை சொல்லவில்லை. இரண்டு திரிகளை வாங்கி ஒன்றை அவள் கையிற் கொடுத்தேன். கூட்டம் நெருக்கித் தள்ளியது. திரியை ஏற்றிவிட்டு, அம்மா அன்று நின்ற இடத்தில் நின்று கைகூப்பினேன்.